ஒழுங்கா சாப்பிட்டா ஏறாதுங்க

என்னை இதுவரை மூன்று பேர் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். முதல் ஆள் என் அத்தா. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்து ஒரு குடத்தை அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்த பெரிய மனிதரிடம், “எடுத்தா எடுங்க, இல்லன்னா நகருங்க” என்று சொன்னதற்காக அடித்தார். இரண்டாவது, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். அந்த இரண்டு அறைகளுக்கும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு, அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அது தீரவில்லை. மூன்றாவது அறை கல்வராயன் மலையில், சாமை அடித்துக்கொண்டிருந்த ஒரு களத்தின் ஓரத்தில், பட்டப்பகலில் பத்துப் பேர் பார்க்க விழுந்தது. அடித்தவள் வலது கையால் அடித்தாள். கனமான எதையும் தூக்கக் கூடாது, ஊசி படக் கூடாது, சின்னக் கீறல்கூட விழக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி வைத்திருந்த கை அது. என் காது வெகுநேரம் கொய்யென்று இரைந்துகொண்டிருந்தது. அந்த ஓர் அறைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி ரத்தப் பரிசோதனை லேபில் எல்லாருக்கும் அவள் மலை அக்கா. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சேலத்தில் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அதோடு அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்ததால் அந்தக் கை அடிக்கடி வீங்கிக்கொள்ளும். ஊசி மருந்தெல்லாம் முடிந்து, தினம் ஒரு மாத்திரை மட்டும் மிச்சமிருந்த காலத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் ரத்தம் கொடுக்க வருவாள். வீட்டுக்காரரும் கூடவே வருவார். நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர். அவளுடைய பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வருவார். ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவள் கையில் கொடுப்பார். சேலத்தில் அவள் வாந்தி எடுத்த நாட்களில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு ஆளை வேறு மாதிரி கற்பனை செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எனக்கும் அப்படித்தான், அதனால் அவளைப் பிடிக்கும். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் அவள் மார்பைப் பார்த்து, ஒரு பக்கம் காற்று இறங்கிப்போன டயர் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். அவள் எழுந்தாள். சோற்றுத் தூக்கை இடது கையில் எடுத்து அவன் வாயிலேயே அடித்தாள். பல் உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. “உன்கிட்ட எத அறுத்துப் போட்டா நீ இப்புடி சிரிப்ப, சொல்லு, நானும் சிரிக்கறேன்” என்றாள். பஞ்சு வைத்து அவன் வாயைத் துடைத்தவள் நான்தான். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன்.

அவள் ரத்தத்தில் நாங்கள் பார்த்தது ஒரு புரதத்தின் அளவை. சிஏ 15-3 என்று பெயர். மார்பகப் புற்று திரும்பத் தலையெடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் இது கூடும். முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் மிஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுக்க, அளவு தெரிந்த அதே புரதம் சின்னச் சின்ன பாட்டில்களில் வரும். மனிதப் புரதம்தான், ஆனால் எந்த மனிதரின் உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல. மனித மரபணுவின் ஒரு துண்டை வேறொரு செல்லுக்குள் வைத்து, எங்கோ ஒரு தொழிற்சாலையில் அந்தச் செல்லை வளர்த்து, அதைக் கொண்டு செய்ய வைப்பது. ரீகாம்பினன்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த பாட்டிலைப் பார்த்து அக்கா ஒருமுறை இன்னாது இது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். “அப்ப ஆருக்கும் வராத நோவ பாட்டில்ல புடிச்சி வச்சிக்கினு, அத வச்சி எங்க நோவ அளக்கறீங்க” என்றாள். நான் படித்த புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கவில்லை.

அந்தப் புரதம் சூடு தாங்காது. ஐஸ் பெட்டியில் வர வேண்டும், வந்ததும் ஃப்ரிட்ஜில் போக வேண்டும். கெட்டுப்போனால் நடப்பதை நெல் அளக்கும் படியை வைத்துச் சொல்லலாம். படி நசுங்கிச் சின்னதாகிவிட்டால், அதே நெல் கூடுதல் படியாகத் தெரியும். நெல் கூடவில்லை, படிதான் சுருங்கிவிட்டது. அதுபோலக் கெட்ட பாட்டிலை வைத்து மிஷினுக்குக் கற்றுக்கொடுத்தால் நல்ல ரத்தமும் நோய் ரத்தமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் இருக்கும் பழைய பெட்டியின் கன்ட்ரோலை, அதாவது அளவு தெரிந்த சோதனை பாட்டிலை, புதுப் பெட்டியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. ‘புதுப் பெட்டி வந்தால் பழைய கன்ட்ரோல்’ என்று மிஷினுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியது நான்.

எங்கள் பெட்டிகள் சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும். அங்கே ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்வார்கள், நான் கண்டக்டரிடம் பேசுவேன். அன்றைக்குப் பேசும்போது, “அண்ணே, ரொம்ப முக்கியமான மருந்து, ஒரு உசுரு சமாச்சாரம், பத்திரமா பாத்துக்கங்க” என்று கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதர் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். மேலே போட்டால் விழுந்துவிடும், சீட்டுக்கு அடியில் வைத்தால் உதைப்பார்கள் என்று, டிரைவரின் கண் படும்படி என்ஜின் பானெட்டின் மேல் துண்டு விரித்து வைத்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் பக்கத்து பஸ்களில் கல்யாணப் புடவை, சாமி படம், கைக்குழந்தை என்று எது மதிப்பானதோ அது பானெட்டுக்குத்தான் போகும். இறக்கிக் கொடுக்கும்போது, “ஒரு கை படலம்மா” என்று சிரித்தார். பெட்டியின் அடிப்பக்கம் காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகு மாதிரிச் சுட்டது. உள்ளே ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாகக் கிடந்தன.

அந்த இடத்திலேயே அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அக்காவும் வீட்டுக்காரரும் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி வண்டியை விட்டால் அவர்கள் மலை ஏறுவது பெரும்பாடு. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், வெந்ததைக் குளிர வைத்தால் பச்சையாகிவிடும் என்பதுபோல. பிறகு மிஷினில் ஏற்றினேன். மிஷின் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. அதே பெட்டியில் வந்த கன்ட்ரோலை ஓட்டினேன், அதுவும் சரியாகவே வந்தது. வராமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே பானெட்டில் ஒன்றாக வெந்தவை, ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கவில்லை. பழைய கன்ட்ரோலையும் ஓட்டினால் இன்னும் முக்கால் மணி ஆகும். சுவரில் இருந்த என் கையெழுத்தைப் பார்க்காமல் அக்காவின் ரத்தத்தை வைத்தேன்.

போன முறை இருபத்திரண்டு. இந்த முறை ஐம்பத்திரண்டு. மறுபடி வைத்தேன், ஐம்பத்துமூன்று. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. மலைக்காரர்களுக்கு நாங்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் எங்கள் வாயைப் பார்ப்பார்கள், நாங்களும் சொல்லிவிடுவோம். “ஏறியிருக்குக்கா. சேலம் போய்க் காட்டிடுங்க” என்றேன். அக்கா மாராப்பை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர்தான் கேட்டார். “மாத்திரைய ஒழுங்கா சாப்புட்டா இது ஏறுமாங்க?”

எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்புகிறவர்கள் உண்டு என்பதெல்லாம் பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தேன் அல்லவா? “ஒழுங்கா சாப்பிட்டா ஏறாதுங்க” என்றேன். அக்கா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நான் சாப்புட்டுக்கினுதான இருக்கேன்” என்றாள், என்னிடம் அல்ல, அவரிடம். அந்த மாத்திரை சாப்பிட்டால் உடம்பு தீயாக எரிகிறது, மூட்டெல்லாம் பிடுங்குகிறது என்று அவள் பலமுறை முனகியதுண்டு. அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஆரஞ்சு உரிக்கவில்லை. பையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேருக்கு அதே டெஸ்ட். மூன்றும் உயரம். அதில் ஒருவர் சின்னசேலத்து டீச்சர், நோய் நொடி எதுவுமில்லாமல் சும்மா பார்த்துக்கொள்ள வந்தவர். பழைய கன்ட்ரோலை எடுத்து ஓட்டினேன். முப்பது வர வேண்டியது எழுபதைத் தாண்டி வந்தது. சார் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சார் என்றால் லேப் முதலாளி. எழுந்து வந்து அந்தத் தெர்மாகோல் பெட்டியை எடுத்துச் சுவரில் அடித்தார். வெள்ளை உருண்டைகள் அறை முழுக்கப் பறந்தன. அடுத்து டியூப் ஸ்டாண்டை எறிந்தார், அது என் தோளைத் தொட்டுக்கொண்டு போய்க் கண்ணாடியை உடைத்தது. “வாயத் தொறக்காத. அந்த மலைக்காரம்மா அடுத்த தடவ வந்தா சரியா போட்டுக் குடுத்துக்கலாம். ஆருக்கும் தெரியாது” என்றார். அடுத்த தடவை என்பது ஆறு மாதம் கழித்து. மலைக்குப் போன் போட்டுப் பார்த்தேன், லைன் போகவில்லை. நேரில் போகிறேன் என்றேன். “போனா அப்புடியே போ” என்றார். போகிறேன் என்று கோட்டைக் கழற்றி அவர் மேஜை மேலேயே எறிந்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார். மிஷினை ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வண்டியில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். பையில் ஊசியும் டியூபும், ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கும் வைத்திருந்தேன். வெள்ளிமலையில் இறங்கிக் கேட்டுக் கேட்டு நடந்து போனபோது, ஊர்க் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாறைமேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கீழுதடு கிழிந்து காய்ந்திருந்தது. ஒரு கண் மூடியே இருந்தது. இடது கையில், தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை மூங்கில் பட்டை வைத்துப் பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தார்கள். விரல்கள் வெளியே கறுத்துத் தெரிந்தன.

அவளே சொன்னாள், ஊரார் கதையைச் சொல்வதுபோல. வண்டியில் வரும் வழியெல்லாம் அவர் ஒன்றையே கேட்டாராம், மாத்திரையை எங்கே கொட்டினாய் என்று. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டு முடித்த காலி அட்டைகளையெல்லாம் ஒரு டப்பாவிலிருந்து எடுத்து அவர் முன்னால் கொட்டியிருக்கிறாள், சேலத்து டாக்டரிடம் காட்டுவதற்காக ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தவை. “பிச்சி வெளிய போட்டுட்டு அட்டைய வச்சிக்கினு நாடகம் ஆடறியான்னான். மிஷினு பொய் சொல்லுமான்னான். அந்தப் படிச்ச பொண்ணு பொய் சொல்லுமான்னான். நான் பக்கெட்டு தூக்கனதெல்லாம் இதுக்குத்தானான்னு அழுதுக்கினே உலக்கைய எடுத்துட்டான்.” அவள் கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள். “வலது கையில அடி படக்கூடாதுன்னு நீங்கதான எப்பவும் சொல்லிக்கினு இருப்பீங்க. அதான் இதக் குடுத்தேன்” என்று கட்டுப் போட்ட கையைக் கண்ணால் காட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டதாம். அதன் பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைச் சட்டியோடு வலது கையால் தூக்கி அவர்மேல் ஊற்றியிருக்கிறாள். “கொட்டாய்ல கெடக்கறான், கழுத்தெல்லாம் தோலு வூந்து.”

நான் சொன்னேன். அக்கா, நம்பர் தப்பு, பெட்டி சூட்டில் கெட்டுவிட்டது, எனக்குத் தெரியும், தெரிந்தும் உன் ரத்தத்தை வைத்தேன், மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் தெரியாமல் சொன்னது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். களத்தில் சாமைத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அக்கா பாறையிலிருந்து இறங்கினாள். அப்போதுதான் அறைந்தாள். இரண்டாவது அறைக்கும் கை ஓங்கினாள், வலி தாங்காமல் பாதியில் இறக்கிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பவில்லை.

விஷயம் தெரிந்து அவர் மாட்டுக் கொட்டாயிலிருந்து வந்தார். கழுத்திலும் தோளிலும் வாழை இலை ஒட்டியிருந்தது. “நீதானம்மா சொன்ன, ஒழுங்கா சாப்புட்டா ஏறாதுன்னு?” என்றார். ஆமாம், சொன்னேன். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்வதைப் பார்த்ததும் என் பழைய குணம் தலைக்கேறிவிட்டது. “நான் சொன்னது பொய்ண்ணே. ஒத்துக்கறேன். உலக்கைய எடுத்தது நானா?” என்று கத்தினேன். அவர் பாறைப் பக்கம் திரும்பினார். பிறகு அந்தப் பாறையில் தன் தலையை மடார் மடாரென்று மோதிக்கொண்டார். நெற்றி பிளந்துவிட்டது. இரண்டு ஆண்கள் பிடிக்க ஓடிவந்தார்கள். “ஆரும் புடிக்காதீங்க. அடிச்சிக்கட்டும்” என்றாள் அக்கா. அவர்கள் நின்றுவிட்டார்கள். நான்காவது மோதலில் அவராகவே உட்கார்ந்தார்.

“இப்ப எடு” என்றாள் என்னிடம். எதில் எடுப்பது? வலது கையில் குத்தக் கூடாது. இடது கை பட்டைக்குள் இருந்தது. அவள் என் தவிப்பைப் பார்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். களத்து மண்ணில் மண்டியிட்டுப் புறங்காலில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தேன். கள்ளக்குறிச்சிக்கு வா, எக்ஸ்ரே எடுத்து எலும்பைச் சரியாக வைத்துக் கட்டிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். “உங்க ஊரு மிஷினுக்கா? போதும்” என்றாள். போலீஸுக்கு வேண்டுமானால் கூட வருகிறேன் என்றேன். “அவன நான் பாத்துக்கறேன். நீ உன் வேலைய ஒழுங்கா பாரு” என்றாள்.

கீழே வந்து, தெரிந்தவர் லேபில் ரத்தத்தைப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தேன். சார் திரும்பக் கூப்பிட்டதும் புதுப் பெட்டிக்கு நானே சேலம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கண்டக்டர்தான் அன்றைக்கும். நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. “முக்கியம்னு நீதானம்மா சொன்ன” என்றார், குற்றம் சொல்கிற குரலில் அல்ல. பழைய கன்ட்ரோலை இரண்டு தடவை ஓட்டி, அதன் பிறகு அக்காவின் ரத்தத்தை வைத்தேன். இருபத்தொன்று. மறுபடி மலை ஏறி அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். வெகுநேரம் பார்த்தாள். “நம்பர் சரியாயிடிச்சி. கை?” என்றாள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சார் இப்போது இல்லை, லேபை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கன்ட்ரோல் ஓட்டாமல் எந்தப் பெட்டியையும் திறக்க விடுவதில்லை, கூட வேலை செய்கிற பெண்கள் என்னைப் பிசாசு என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் காதில் விழுகிறது. மாத்திரையைப் பற்றி யாராவது கேட்டால் தெரியாது என்கிறேன். சொல்லும்போதெல்லாம் இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நெஞ்சு எரிகிறது. அக்கா வருகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தனியாக, தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு. அவரை அவள் இன்னும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை, கொட்டாய்க்குச் சோறு மட்டும் போகிறது. வேறு பெண்கள் ஊசியோடு வந்தால் உட்கார மாட்டாள், “பாய் வூட்டுப் பொண்ணக் கூப்புடு” என்பாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இடது கை முக்கால்வாசிக்கு மேல் நீளாது. முழங்கையின் மடிப்பு விரியாததால் நரம்பு உள்ளேயே பதுங்கிக்கொள்கிறது. போன மாதம் இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. அவளுக்கு வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். “அக்கா, கால்ல எடுத்துடட்டா?” என்று கேட்டேன்.

அவள் அந்தக் கையை மேஜைமேல் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.

“கால் எதுக்கு? இதுலயே தேடு.”